பாவை விளக்கின் மூக்கு

சத்தியம், சத்தியம், மூன்றாம் தரமும் சத்தியம். இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் கையிலிருக்கும் இந்த டீ தொண்டையைத் தாண்டாமல் அங்கேயே கட்டியாகிப் போகட்டும், வைத்தீஸ்வரன்கோயில் குளம் நான் காலை வைத்ததும் வற்றிப் போகட்டும். இதற்கு முன்னால் நான் சொன்னதையெல்லாம் விட்டுத் தள்ளுங்கள். தபால்காரரை முழுங்கிய முதலை மறுநாள் கரையேறி வந்து மணியார்டர் பட்டுவாடா செய்த கதையில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். இது அப்படியில்லை. பக்கிரிசாமி என்று ஒருவர், ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை, மகன் மருமகள் பேத்தியோடு மியூசியம் பார்த்தார். அவ்வளவுதான் நடந்தது. சண்டை இல்லை, சாவு இல்லை. ஆனால் மனுஷன் அந்த ஒன்றரை மணி நேரத்தில் பட்ட பாடு இருக்கிறதே, அதை அவர் மண்டைக்குள் உட்கார்ந்து பார்த்தவன் மாதிரி சொல்கிறேன், கேளுங்கள்.

டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்கு முன்னால் நிற்கும்போதே பக்கிரிசாமிக்குத் திரும்பிப் போய்விட வேண்டும் போலிருந்தது. முட்டி வலிக்கிறது என்று வீட்டிலேயே சொல்லிப் பார்த்தாயிற்று. மருமகள் உமாராணி தைல பாட்டிலை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, "அங்க பெஞ்சு கெடக்கும் மாமா, உக்காந்து உக்காந்து பாக்கலாம்" என்று முடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை லீவு என்றார். பேத்தி தர்ஷிகா போனைப் பார்த்து, "வெள்ளிக்கிழமதான் தாத்தா லீவு" என்றாள். எழுபத்தெட்டு வயதில் ஒரு மனிதன் நிம்மதியாகப் பொய் சொல்லக்கூட வழியில்லாமல் பண்ணிவிட்டார்கள். முன்பெல்லாம் ஒரு பொய்யைச் சொன்னால் அது ஓட்டு வீடு மாதிரி ஐம்பது வருஷம் நிற்கும், நடுவில் ரெண்டு ஓடு மாற்றினால் போதும். இப்போது பதினோரு வயதுப் பிள்ளை கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்து அழித்துவிடுகிறது. லீவு. அந்தச் சொல்லை நினைத்ததும் வாயில் மாத்திரைக் கசப்பு மாதிரி ஏறியது, அவர் அதை எச்சிலோடு முழுங்கினார். வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம், முதலில் வாசல்படி, படி வழுக்கும், பினாயில் போட்டுத் துடைத்திருக்கிறான். பள்ளிக்கூடத்தில் 'எங்கள் குடும்பமும் எங்கள் ஊரின் வரலாறும்' என்று எழுதி வரச் சொன்னார்களாம். வேறு பிள்ளைகளுக்கெல்லாம் எழுத ஒன்றும் இல்லை, இவளுக்கு இருக்கிறது, ஏனென்றால் இவளுடைய தாத்தா கொல்லையில் வாழைக்கன்று வைக்கக் குழி வெட்டும்போது மண்வெட்டியில் ணங்கென்று பட்டது, பார்த்தால் வெண்கலத்தில் ஒரு பெண், கையில் விளக்கேந்தி நிற்கிறாள், அவள் காலைச் சுற்றி ஐந்து தலை நாகம், தாத்தா நாகத்திடம் கும்பிட்டு அனுமதி கேட்டார், நாகம் ஒவ்வொரு தலையாக ஆட்டியது, தாத்தா பொம்மையைக் கொண்டுபோய் அரசாங்கத்திடம் கொடுத்தார், கலெக்டரே எழுந்து வந்து கை கொடுத்தார், மியூசியத்தில் பொம்மைக்குக் கீழே தாத்தா பேரை எழுதி வைத்திருக்கிறார்கள். நாற்பத்திரண்டு வருஷமாக நிற்கிற ஓட்டு வீடு. இன்றைக்கு அதைப் போட்டோ பிடிக்கப் போகிறார்கள்.

முதல் கூடத்தில் கல். தலையில்லாத சாமி, கையில்லாத சாமி, தலையும் கையும் இருந்து பேர் தெரியாத சாமி. மகன் செல்வமுத்து ஒவ்வொன்றின் முன்னாலும் இரண்டு விநாடி நின்றுவிட்டு நகர்ந்தான். அவனுக்கு எல்லாமே பேங்க் வரிசைதான். பக்கிரிசாமி பெஞ்சைக் கண்டதும் உட்கார்ந்தார். நேரத்தை இழுக்க வேண்டும். ஒரு மணிக்குச் சாப்பாடு, உமாராணிக்குப் பசி பொறுக்காது, மாடியில் வெண்கலக் கூடம், அதற்கு முன்னால் இரண்டு கூடம், கூடத்துக்கு ஒரு மணி நேரம் இழுத்தால் தப்பித்துக்கொள்ளலாம். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை யாருக்கும் தெரியாமல் அவர் மட்டும் வந்து பார்த்திருக்கிறார். கண்ணாடிப் பெட்டி, உள்ளே அவள், கீழே டைப் அடித்த சின்ன அட்டை. கண்டெடுத்தவர்: தையல்நாயகி. அவ்வளவுதான். சின்ன எழுத்து. ஆனால் அந்த எழுத்தை ஆணி மாதிரிக் கண்ணுக்குள் அடித்து அனுப்பினார்கள். தையல்நாயகி அவருடைய பெண்டாட்டி. தாய்மாமன் மகள், ஐந்து வயசு சின்னவள், ஒரே தெரு, கோலிக்குண்டு காலத்திலிருந்து 'ஏ பக்கிரிசாமி' என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணம் ஆனபிறகும் அந்த வாய் மாறவில்லை. அவர் அம்மா எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள், "புருசன் பேர ஊரு கேக்கக் கூவுறியேடி" என்று. ரேஷன் கடையில் கூவுவாள், ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் "பக்கிரிசாமி வெளில நிக்கிது" என்பாள். அவர் யாருக்காவது இந்தக் கதையைச் சொல்லும்போது கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஏ பக்கிரிசாமி, போன தடவ நாகத்துக்கு மூணு தலதான சொன்ன, எப்ப அஞ்சாச்சு?" என்பாள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவ்வளவுதான் கேட்பாள். தலையைத்தான் கேட்பாள். குழி வெட்டியது யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லி அடக்கியிருக்கலாம், கேட்காதவளை என்ன பண்ணுவது, கேட்காதவள் நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்துவிட்டுப் போய்விடுகிறாள், செத்தும் நாலு வருஷம் ஆகிறது, கல் அப்படியே கிடக்கிறது.

"தாத்தா, முதல!" தர்ஷிகா இழுத்துக்கொண்டு போனாள். இரண்டாவது கூடம், பஞ்சடைத்த மிருகங்கள். வயிற்றில் தையல் பிரிந்த முதலை, பாட்டிலில் இரட்டைத் தலை ஆட்டுக்குட்டி, ஒரு கண் மட்டும் இருக்கிற ஆந்தை. வேறு யாருடைய பிள்ளைகளோ இரண்டு பேர் முதலையின் பல்லை எண்ணிக்கொண்டிருந்தார்கள். பக்கிரிசாமியின் நாக்கு அவரைக் கேட்காமலே புறப்பட்டுவிட்டது. "இந்த மொதலய எனக்குத் தெரியும்" என்றார். "கொள்ளிடத்துல எங்கூடப் படிச்சிது." பிள்ளைகள் வாயைப் பிளந்தன. உமாராணி, "ஆரம்பிச்சிட்டாங்க" என்றாள், சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனாலும் அவருக்குச் சுருக்கென்றது. இந்தக் குடும்பத்தில் அவர் பண்டம் அதுதான், வாய். மகன் சம்பளம் கொண்டுவருகிறான், மருமகள் வீட்டைப் பார்க்கிறாள், பேத்தி மார்க்கு வாங்குகிறது, கிழவர் கதை சொல்கிறார். எல்லாமே பொய் என்று அவர்களுக்குத் தெரியும், தெரிந்துதான் சிரிக்கிறார்கள். ஒன்றே ஒன்றைத்தான் நிஜம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஒன்று போனால் மிச்சம் யார், பஞ்சடைத்த முதலைதான், தையல் பிரிந்தது. ஜன்னல் வழியே ரோடு தெரிந்தது, பஸ் ஸ்டாப், பழக்கடை, அதற்கப்பால் பெரியாஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டி. அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார், ஆனால் கண் திரும்பினாலும் பஸ் நிற்கவில்லை. இரண்டு வருஷம், செவ்வாயும் வெள்ளியும், கிட்னிக்கு ரத்தம் சுத்தம் பண்ண அவளைக் கூட்டிக்கொண்டு அந்த பஸ்ஸில் வருவார். பஸ் இந்த வாசலைத் தாண்டும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பாள். "ஏ பக்கிரிசாமி, அந்தப் பொம்மைய ஒரு தரம் பாத்துட்டுப் போவமா? எப்புடி இருக்குன்னு." வெள்ளிக்கிழமை கேட்டாள், லீவு என்றார். அது உண்மை. செவ்வாய்க்கிழமை கேட்டாள். அன்றைக்கும் லீவு என்றார். "என்னிக்குத்தான் தொறப்பானுவொ?" என்றாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். அந்த அட்டையை யாராவது படித்துக் காட்டியிருந்தால், 'அட, எம் பேரா' என்று ஒரு சிரிப்பு சிரித்திருப்பாள், அவ்வளவுதான், வேறொன்றும் கேட்டிருக்க மாட்டாள். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல்தான் இரண்டு வருஷம் மியூசியத்துக்குப் பூட்டுப் போட்டார். அரசாங்கம் போடாத பூட்டு.

மாடிப்படி. பதினாறு படி. எட்டாவது படியில் நின்று மூச்சு வாங்குகிற மாதிரி நின்றார், அப்புறம் நிஜமாகவே வாங்கியது. "கைய குடுங்கப்பா" என்றான் செல்வமுத்து. மகன் கை பிடித்துப் பல வருஷம் இருக்கும், உள்ளங்கை மெத்தென்று இருந்தது, மண்வெட்டி பிடிக்காத கை. அவள் உள்ளங்கை காய்த்திருக்கும். அந்தக் குழியை அவள்தான் வெட்டினாள். இவர் அப்போது டீக்கடையில் முதலைக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். வந்து பார்க்கும்போது பொம்மையைக் கழுவித் துணியில் சுற்றி, மூன்று வயசு செல்வமுத்துவுக்குப் பக்கத்தில் பாயில் படுக்க வைத்திருந்தாள், இரண்டு பிள்ளை மாதிரி. இவர் பார்த்தது பிள்ளையை இல்லை, தங்கத்தை. பத்து நாள் நெல் குதிருக்குள் ஒளித்து வைத்தார். மேலுக்குத்தான் பச்சை, உள்ளே தங்கமாக இருக்கும் என்று ஒரு எண்ணம், சோதிக்க எது தோதாக நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தார், மூக்குதான் நீட்டிக்கொண்டிருந்தது. அரத்தை எடுத்து ராவினார். ராவ ராவ மஞ்சளாகத்தான் வந்தது. தூளைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோனால் ஆசாரி முகர்ந்து பார்த்துவிட்டு, "பாத்திரக் கடைக்குப் போவ வேண்டியது இங்க வந்துட்டியே" என்றார். அப்புறமும் விடவில்லை, வெளியூர் ஆள் ஒருவன் பழைய பொம்மை வாங்குகிறான் என்று கேள்விப்பட்டு வரச் சொல்லி அனுப்பினார். பதினோராம் நாள் வருவதாக இருந்தான். பத்தாம் நாள் சாயங்காலம் அவள் சொன்னாள், "இத கவுர்மெண்டுல குடுத்துருவம். மூக்கறுத்த பொம்பளைய வித்துச் சோறு திங்கணுமா?" கை ஓங்கினது தெரியும், இறங்கினது தெரியாது. இடது காது. அதற்கப்புறம் அந்தக் காதுக்குள் வண்டு பறக்கிறது என்பாள், அப்புறம் வண்டும் பறக்கவில்லை என்பாள், கடைசிவரை அந்தப் பக்கம் பேசினால் கேட்காது. மறுநாள் முதல் பஸ்ஸில் பொம்மையை இடுப்பில் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு தாலுக்கா ஆபீசுக்குப் போய்விட்டாள். தனியாக. படி முடிந்துவிட்டது.

கண்ணாடிப் பெட்டி புதுசு. உள்ளே வெள்ளை விளக்கு. அவள் அப்படியே நின்றாள், ஒரு முழ உயரம், கொண்டை ஒரு பக்கம் சாய்ந்து, கையில் அகல், முகத்தில் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் மழுமழுவென்று ஒரு தட்டை. பக்கிரிசாமி அட்டையைத்தான் தேடினார். பழைய அட்டை இல்லை. வழவழவென்று பெரிய பலகை. தர்ஷிகா சத்தமாகப் படித்தாள்: "பாவை விளக்கு. வெண்கலம். பதினாறாம் நூற்றாண்டு. மூக்குப் பகுதி பிற்காலப் படையெடுப்பின்போது சிதைக்கப்பட்டிருக்கலாம்." முடிந்தது. பேரே இல்லை. யார் பேரும் இல்லை. அவருக்கு உடம்பெல்லாம் லேசாகி, சிரிப்பு வந்தது, நாற்பத்திரண்டு வருஷத்து ஓட்டு வீடு புயலில் தப்பிவிட்டது. "எந்த ராஜா தாத்தா மூக்க ஒடச்சாரு?" என்று பேத்தி கேட்டாள். "அது ஒருத்தன், வடக்கேருந்து வந்த தளபதி, ஒத்தக் கண்ணன்" என்று நாக்கு புறப்பட்டது, "குதிரைல வந்து இறங்குனான், அரத்த..." அரம் என்ற இடத்தில் நாக்கு இடறியது. கத்தி என்று மாற்றினார். யாரும் கவனிக்கவில்லை. செல்வமுத்து பலகையை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தான். "உங்க பேரு எங்கப்பா?" "எடுத்துட்டானுவொ" என்றார் பக்கிரிசாமி. அதோடு நிறுத்தியிருக்கலாம். லேசான உடம்பு, நிறுத்தவில்லை. "பெரிய எழுத்துல இருந்துச்சு. எவனுக்கோ பொறுக்கல." ஆயுசில் ஒரு பஸ் கண்டக்டரிடம்கூட மீதிச் சில்லறை கேட்காத மகன், முகம் சிவந்து, "அது எப்புடி எடுப்பாங்க? வாங்க, கேப்பம்" என்று காப்பாட்சியர் அறைக்கு நடந்தான். அப்பனுக்காக. பக்கிரிசாமி, "வேணாம்டா, பசிக்கிது, தலைய சுத்துது" என்று பின்னாலேயே போனார். உமாராணி தைலத்தை நீட்டினாள்.

காப்பாட்சியர் முப்பது வயசுப் பெண். சத்தம் போடவில்லை. "புதுப் பலகைல பேரு போடலிங்க சார், ஆனா பதிவேட்டுல இருக்கும், பாப்பா ப்ராஜக்டுக்கு நானே எடுத்துக் காட்டறேன்" என்றாள். இப்படி நல்ல பெண்ணாக இருந்து தொலைக்க வேண்டுமா, முகத்தில் அடித்தாற்போல் போ என்று சொல்லியிருந்தால் என்ன. பீரோ திறந்தது. தடித்த பேரேடு, ஓரம் கரையான் தின்றது, அது இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளித் தின்றிருக்கக் கூடாதா, பாழாய்ப்போன கரையானுக்குக்கூட என்மேல் இரக்கமில்லை. பக்கம் புரண்டது, அன்றைக்குத் தாலுக்கா ஆபீசில் எழுதின காகிதத்தை அதில் ஒட்டியிருந்தது. தர்ஷிகா தலையை நுழைத்து விரலை ஓட்டிப் படித்தாள். "கண்டெடுத்தவர், தையல்நாயகி. ஐ, அப்பாயி! வயது முப்பத்தொன்று. சொந்தக் கொல்லையில் குழி வெட்டும்போது. கணவர் பெயர்..." நின்றாள். "கணவர் பெயர், கூற மறுப்பு." பக்கத்தில் நீலத்தில் ஒரு கட்டைவிரல். காப்பாட்சியர்தான் பேசினாள். "அந்தக் காலத்துல புருஷன் பேரச் சொல்ல மாட்டாங்க இல்லியா, மரியாதைக்காக. அதான் அப்படி எழுதியிருக்காங்க." "இல்லியே" என்றாள் தர்ஷிகா, "அப்பாயி எப்பவும் ஏ பக்கிரிசாமின்னுதான..." உமாராணி அவள் தோளை அழுத்தினாள். பேத்தி வாயை மூடிக்கொண்டது. செல்வமுத்து அப்பாவைப் பார்க்கவில்லை. பேரேட்டைப் பார்த்துக்கொண்டே, "ஆமா மேடம். அந்தக் காலத்து ஆளுங்க. புருஷன் பேரச் சொல்லவே மாட்டாங்க" என்றான். நாற்பத்தைந்து வயசில் அவன் முதல்முறையாகப் பொய் சொன்னான், எவ்வளவு சுத்தமாகச் சொன்னான், ஒரு தலைகூடக் கூட்டவில்லை. பக்கிரிசாமிக்குப் புரிந்தது. எல்லாம் தெரிந்துவிட்டது, தெரிந்து மூடிவிட்டான், இனிமேல் வீட்டில் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், அவள் கேட்காத மாதிரியே. வைத்துவிட்டுப் போன கல்லின் மேல் இன்னொரு கல்.

ஆனால் அவர் மனசு அங்கே நிற்கவில்லை, அந்த இரண்டு சொல்லில் போய் மாட்டிக்கொண்டது. கூற மறுப்பு. ஊர் கேட்கக் கூவுகிறவள் தாலுக்கா ஆபீசில் ஏன் சொல்லவில்லை. மூக்கில் புது அரத் தடம், குமாஸ்தா பார்த்திருப்பான், யார் ராவினது என்று கேட்டிருப்பான், பேரைச் சொன்னால் போலீஸ் வரும் என்று என்னைக் காப்பாற்றினாளா. இருக்கும். அப்படித்தான் இருக்கும். இல்லை, வீங்கின கன்னத்தோடு போய் நின்றவள், காகிதத்தில் தன் பேருக்குப் பக்கத்தில் இந்தப் பேர் வேண்டாம் என்று நினைத்தாளா, நாற்பது வருஷம் கூவிக்கொண்டிருந்த வாய் ஒரே ஒரு இடத்தில், எழுதி வைக்கிற இடத்தில் மட்டும், மூடிக்கொண்டதா. காப்பாற்றினாள். வேண்டாமென்றாள். காப்பாற்றினாள். அப்புறம் அது வந்தது, வரக்கூடாதது, வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிற மாடு மாதிரி வந்தது. குமாஸ்தா அவளுக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான்? இடது பக்கமா? புருஷன் பேர் என்ன என்று கேட்டிருப்பான், இன்னொரு தரம் கேட்டிருப்பான், அவள் பேசாமல் நின்றிருப்பாள், காதுக்குள் வண்டு பறந்திருக்கும். கேட்கவே இல்லையோ. கேட்டால்தானே மறுப்பதற்கு. அப்படியானால் அந்த எழுத்தை எழுதியது குமாஸ்தா இல்லை, இந்தக் கைதான், முதல் நாள் சாயங்காலமே எழுதிவிட்டது. கையைப் பார்த்தார். தைல வாசனை அடித்தது. மூன்றில் எது என்று கேட்கலாம் என்றால் கேட்க ஆள் இல்லை. செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் கேட்டிருக்கலாம். லீவு.

"பெரியவரே" என்றாள் காப்பாட்சியர். பென்சிலை எடுத்து வைத்திருந்தாள். "உங்க பேரச் சொல்லுங்க, இந்த எடத்துல பென்சில்ல குறிச்சிடறேன். அடுத்த தரம் பலகை போடும்போது ரெண்டு பேர் பேரையும் சேத்துப் போட்டுடலாம்." நாற்பத்திரண்டு வருஷமாக அவர் ஆசைப்பட்டது அந்தக் கட்டம்தான். ஒரு விரல் அகலம். பென்சில் முனை அதன்மேல் காத்துக்கொண்டிருந்தது. செல்வமுத்து, "சொல்லுங்கப்பா" என்றான், மெதுவாக. பேத்தி தாத்தா வாயையே பார்த்தது. முதலை தன்னோடு படித்தது என்று சொன்ன வாய், ஐந்து தலையை ஆட்ட வைத்த வாய், ஆறெழுத்துப் பேர், எடுத்து வைத்தால் முடிந்தது. வாய் திறந்தது. நீலக் கட்டைவிரல் ரேகை தெரிந்தது, குழி வெட்டிக் காய்த்த இடத்தில் மட்டும் மை பிடிக்காமல் வெள்ளையாக இருந்தது. மூன்றில் எதுவாக இருந்தாலும் சரி, அந்தக் கட்டத்தில் அவள் அவரை வைக்கவில்லை. திறந்த வாய் திறந்தபடியே இருந்துவிட்டு மூடிக்கொண்டது. "பெரியவரே, பேரு?" என்றாள் மறுபடியும். அவர் காது கேட்காதவர் மாதிரி நின்றார். "அவங்களுக்கு மயக்கமா இருக்கும்" என்று உமாராணி நாற்காலியை இழுத்துப் போட்டாள், செல்வமுத்து தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். தர்ஷிகா நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள், எழுத்துக் கூட்டி, நிறுத்தி நிறுத்தி, கண்டெடுத்தவர் தையல்நாயகி, என் அப்பாயி. பக்கிரிசாமி பார்த்துக்கொண்டே தண்ணீர் குடித்தார். திருத்தவில்லை. பென்சில் பெட்டிக்குள் போயிற்று. மணி பன்னிரண்டு.

அவ்வளவுதான். டீ ஆறிப்போய்விட்டது பாருங்கள், கட்டியாகவில்லை, அதிலிருந்தே தெரியவில்லையா சொன்னதெல்லாம் நிஜம் என்று. நீங்கள் அந்தப் பக்கம் போனால் மாடிக்கு ஏறிப் போய்ப் பாருங்கள், மூக்கைப் பார்த்தால் தெரியும், எந்தக் கத்திக்கும் அப்படி வழவழப்பாக வெட்ட வராது. ஆனால் ஒன்று, இதை நான்தான் சொன்னேன் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். வற்புறுத்திக் கேட்டார்கள் என்றால், சொன்னவர் பெயர், கூற மறுப்பு என்று எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.